இரண்டு வாய்க்கு ஒரு பாக்கெட்

தராசின் முள் போன வாரம் நின்ற இடத்துக்குக்கூட வரவில்லை. நர்ஸ் பிள்ளையைத் தூக்கிவிட்டுத் தராசை ஒரு தட்டுத் தட்டி, மறுபடி உட்கார வைத்தாள். முள் அதே பிடிவாதத்தோடு நின்றது. அழுகை பூனைக்குட்டி முனகலாக இருந்ததால் ஆஸ்பத்திரியில் அவனுக்குப் பூனை என்றே பெயர். ஒன்றரை வயது. தொடைத் தோல் தொளதொளவென்று மடிந்து தொங்கியது.

"பாக்கெட்டெல்லாம் இவனுக்குத்தான குடுத்த?"

"இவனுக்குத்தான்க்கா," என்றாள் அம்மா, தரையைப் பார்த்து.

அவள் மடியில் பூனையோடு ஒன்றாய்ப் பிறந்த வாயாடி உட்கார்ந்திருந்தாள். வாயாடியின் கடைவாயில் கடலைப் பசை காய்ந்து ஒட்டியிருந்தது. நர்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாக்கெட்டில் இருக்கும் பசை கடலை, பால்பொடி, சர்க்கரை, எண்ணெய், சத்து மருந்து எல்லாம் சேர்த்து அரைத்தது. எலும்பும் தோலுமாய் வரும் பிள்ளைக்கு அளந்து கொடுப்பது. சொல்லிச் சொல்லித் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

"இது மருந்தும்மா. பங்கு போட்டா இவன் எப்பிடித் தேறுவான்?"

"ஒருத்தன் தின்ன, ஒருத்தி அவன் வாயையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. நான் என்ன கல்லா? அவளுக்கும் குடுங்கன்னா, இன்னும் அவ்வளவு மெலியலங்கிறீங்க. மெலியட்டும்னு விட்டுரவா?"

நர்ஸுக்குக் கோபம் கூடியது. விறுவிறுவென்று டாக்டர் அறைக்குப் போனாள். எவ்வளவு மெலிவு என்று காட்டும் பச்சை, மஞ்சள், சிவப்பு நாடாவால் வாயாடியின் கையை அளந்தவர் அவர்தான்.

"கை சிவப்புல வந்தாத்தான் அந்தப் பொண்ணுக்கும் பாக்கெட் குடுக்க முடியும் சிஸ்டர். மேல கேட்டிருக்கேன்."

மேல என்றால் ஆகாயத்திலா என்று நாக்கு நுனிவரை வந்ததை மென்று விழுங்கினாள்.

திரும்பி வந்து, "இனிமே தினம் இங்க வந்து என் கண்ணு முன்னால ஊட்டு," என்று ஒரு பாக்கெட்டைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, வாயாடியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போய்த் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். வாயாடி இரண்டு வாய் வாங்கியிருப்பாள். உள்ளே அம்மா கொஞ்சுவதும் கெஞ்சுவதும் கேட்டுக்கொண்டே இருந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்தாள். பூனை உதட்டை இறுக மூடியிருந்தான். மேலெல்லாம் பசை. கண் வாசலிலேயே இருந்தது.

"இவ பக்கத்துல தின்னாத்தான்க்கா இவன் வாயத் தொறப்பான். வீட்லயும் இதே கூத்துதான்."

"அத முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

"நீங்க எங்க சொல்ல விட்டீங்க?"

நர்ஸ் டப்பாவும் பிள்ளையுமாக வந்து தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். வாயாடிக்கு ஒரு வாய் சோறு ஊட்டினாள். பூனையின் வாய் தானாகத் திறந்தது. அம்மா சட்டென்று பசையைப் பிதுக்கி வைத்தாள். விழுங்கினான். இன்னொரு வாய் சோறு. இன்னொரு விரல் பசை. பாக்கெட் பாதிக்கு வந்தது.

"நாளைக்குக்கா?" என்று மெல்லக் கேட்டாள் அம்மா.

"நாளைக்கும் நான்தான் ரெண்டு டப்பா கட்டிட்டு வரணும், வேற யாரு வருவா? பேசாம ஊட்டு."

பூனை தன் உதட்டில் ஒட்டியிருந்த பசையை விரலால் வழித்தான். நிதானமாகக் கையை நீட்டி வாயாடியின் வாய்க்குள் வைத்தான்.

"டேய், டேய்!" என்று நர்ஸ் பதறுவதற்குள் வாயாடி விரலைக் கவ்விக்கொண்டாள். விடவில்லை. பூனை சிரித்தான், சத்தமே வரவில்லை.