கடல் பார்க்கப் போகும் ஃபிரிட்ஜ்

"எங்க வீட்டு ஃபிரிட்ஜ் வியாழக்கிழமையானா கடல் பார்க்கக் கிளம்பிடும், நோட்டரியம்மா. ஒண்ணரை மீட்டர் நடந்து, ஜன்னல்கிட்ட நின்னு, கதவைத் திறந்து தன்னோட வெளிச்சத்தைக் கடலுக்குக் காட்டும். அப்புறம் ஒரு பெருமூச்சு விடும் பாருங்க!"

துறைமுக ஊரான வல்பரைசோவின் குன்றுகளில் முப்பத்தெட்டு வருஷம் ஆட்களைச் சுமக்கும் கேபிள் பெட்டியை ஏற்றி இறக்கி ஓய்வு பெற்ற எவாரிஸ்தோ கார்கமோ இதைச் சொன்னபோது, நோட்டரி எர்மினியா உர்சுவா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த அம்மாளின் முத்திரை விழாமல் அந்த ஊரில் யாரும் பிறந்ததும் இல்லை, செத்ததும் இல்லை. உயிரோடிருப்பதற்குச் சான்று வாங்க வந்த ஒருவர் நோட்டரி அலுவலக வரிசையில் நின்றபடியே இறந்துபோனாராம். சான்று மட்டும் தவறாமல் கிடைத்ததாம். எவாரிஸ்தோ சொல்லும் கணக்கு இது.

"தோன் எவாரிஸ்தோ," என்றார் அவர், ஐயா போட்டு அழைக்கும் ஊர் வழக்கப்படி, "இது கவிதைதானே? இதுக்கு எதுக்கு முத்திரை?"

சிக்கலே அங்கேதான். தன் கவிதைப் புத்தகத்துக்காகப் பதிப்பகம் கொடுத்த படிவத்தில் 'கவிதை' என்ற கட்டத்தை விட்டுவிட்டு, 'நேரில் கண்ட உண்மை' என்ற கட்டத்தில் பெருமையாகக் குறி போட்டுவிட்டார் மனிதர். பேனாவால் போட்டதை மாற்ற விதியில்லை. நாற்பத்தொரு கவிதைகளில் ஒன்றாவது நடந்ததென்று வெள்ளிக்கிழமைக்குள் நோட்டரி எழுதித் தர வேண்டும். இல்லாவிட்டால் எழுபத்துநாலு வயதில் வரவிருந்த அவருடைய முதல் புத்தகத்தின் இடம் ஒரு பல் வைத்தியரின் மீன்பிடி நினைவுகளுக்குப் போய்விடும்.

"வேற கவிதை இல்லையா?"

"என் கால்சட்டை மழையைக் கல்யாணம் பண்ணிக்கிட்டது இருக்கு. ஆனா இப்ப ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்ல."

"கண்ணால பார்க்காம ஒரு எழுத்து எழுத மாட்டேன்."

"பாருங்களேன்! நாளைக்கு வியாழன். அஞ்சு மணிக்கு டீக்கு வாங்க."

மறுநாள் நோட்டரியம்மாள் அளவு நாடாவோடு வந்து உட்கார்ந்தார். அவகாடோ தடவிய ரொட்டியைக் கடித்தபடி கேட்டார்: "ஃபிரிட்ஜுக்கு எதுக்கு இவ்வளவு நீளமா ஒயர்?"

"வாயில்லாச் சீவனைக் கட்டிப் போடலாமா? பாவமில்லையா?"

ஐந்து அடித்தது. ஐந்தேகாலும் ஆயிற்று. ஃபிரிட்ஜ் அரசாங்கக் கோப்பு மாதிரி இருந்த இடத்திலேயே இருந்தது. எவாரிஸ்தோவுக்குப் பல் வைத்தியரின் மீன்கள் கண்முன்னே துள்ளின. நோட்டரியம்மாள் கைப்பையை எடுத்தார்.

அப்போது கரண்டிகள் கிணுகிணுத்தன. தரை ஆடியது. அந்த ஊரில் அளவுகோலில் ஏழுக்குக் குறைந்த நிலநடுக்கத்துக்கு யாரும் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. இருவரும் கோப்பையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அஞ்சு இருக்குமா?"

"அஞ்சரை," என்றார் நோட்டரியம்மாள், மென்றுகொண்டே.

ஃபிரிட்ஜ் சிலிர்த்துக்கொண்டு கிளம்பியது. குலுங்கிக் குலுங்கி ஜன்னலுக்குப் போய் நின்றது.

"நடுக்கம் தள்ளிவிட்டிருக்கு. அவ்வளவுதான்."

"நடுக்கம் நின்னாச்சே, அம்மா."

கோப்பைகளில் டீ அசையவில்லை. இப்போதுதான் ஃபிரிட்ஜின் கதவு மெல்லத் திறந்தது. மஞ்சள் வெளிச்சம் ஜன்னல் வழியே கடற்பக்கம் விழுந்தது. அடிவயிற்றிலிருந்து நீளமாக ஒரு பெருமூச்சு வந்தது. துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் பதிலுக்கு ஊதியது.

நோட்டரியம்மாள் முழந்தாளிட்டு நாடாவை விரித்தார். "ஒண்ணே முக்கால் மீட்டர். கவிதையில குறைச்சு எழுதியிருக்கீங்க, தோன் எவாரிஸ்தோ."

வாழ்நாளில் முதல்முறையாக அப்படியொரு பழி தன்மேல் விழுந்ததும் எவாரிஸ்தோ நாடாவை வாங்கித் தானும் ஒருமுறை அளந்து பார்த்தார்.

நோட்டரியம்மாள் முத்திரையில் ஊதி, சான்றுத் தாளில் ஓங்கிக் குத்தினார். பிறகு திறந்திருந்த ஃபிரிட்ஜைப் பார்த்து மெல்லச் சொன்னார்:

"நடந்துச்சு. நானே பார்த்தேன்."