பூதங்களின் பாஷை

என் நாவலில் அரசர்கள் செந்தமிழ் பேசுவார்கள். குகையில் வாழும் பூதங்களுக்குத் தனியாக ஒரு பாஷை வேண்டுமென்று மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஒன்றும் வரவில்லை. ஒருநாள் பரமத்தி வேலூரிலிருந்து அமுதவல்லி அக்கா வழக்கம்போல் ஃபோன் செய்தாள்.

"ஊட்டுக்கு எப்ப வார சாமி? வெத்தலை கிள்ள ஆளு கெடைக்கல. நானே கொடிக்காலுக்குப் போயிட்டு இப்பத்தான் வந்து உழுந்தேன்."

ஃபோனை வைத்த கையோடு எழுத உட்கார்ந்தேன். வீடு ஊடானது, விழுந்தது உழுந்தது. பூதங்கள் மளமளவென்று பேச ஆரம்பித்துவிட்டன. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

வெளியீட்டு விழா நாமக்கல்லில். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அக்காதான். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். யுவஸ்ரீ என்ற கல்லூரி மாணவி ஒரு பகுதியை வாசித்தாள். வழி தவறிய இளவரசனைத் தின்பதற்காகக் கிழட்டுப் பூதம் அவனைக் கூப்பிடுகிற இடம். குரலைக் கரகரப்பாக்கிக்கொண்டு படித்தாள்: "ஊட்டுக்கு வா சாமி, சோறு ஆறிப்போகுது."

அரங்கமே சிரித்தது. அதில் பாதிப்பேர் வீட்டில் அப்படித்தான் பேசுவார்கள், இருந்தும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். சட்டென்று அவள் மட்டும் நிறுத்திக்கொண்டாள். சின்ன வயதில் வாய்க்கால் மேட்டில் விளையாடிக்கொண்டிருந்த என்னை அவள் கூப்பிட்ட வார்த்தைகள் அவை. ஓர் எழுத்துகூட நான் மாற்றவில்லை.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சென்னையிலிருந்து வந்த பத்திரிகைக்காரர் ஒருவர், "இந்தப் பாஷையை எப்படி சார் உருவாக்குனீங்க?" என்று கேட்டார். மைக் என் கையில்தான் இருந்தது.

"முழுக்கக் கற்பனைதான். சரியாகப் பேசத் தெரியாத ஜந்துக்கள் பேசினால் எப்படி இருக்கும் என்று யோசித்தேன்" என்றேன்.

கை தட்டினார்கள். என் முகம் எரிந்தது. முதல் வரிசைப் பக்கம் திரும்பவே முடியவில்லை.

பரமத்தி வேலூர் பஸ்ஸில் அக்காவை ஏற்றிவிடப் போனபோது அந்தப் பத்திரிகைக்காரரும் பேசிக்கொண்டே கூட வந்தார். ஜன்னலோரம் உட்கார்ந்த அக்கா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு கீழுதட்டைப் பல்லில் அழுத்தி, பரீட்சை எழுதுகிறவளைப் போல நிதானமாகச் சொன்னாள்:

"நான் வீட்டுக்குப் போகிறேன், தம்பி."

அவள் வாயிலிருந்து அந்த 'வீ' வந்து என் ஆயுசில் கேட்டதில்லை. என்னை நானே காறித் துப்பிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

மறுநாள் காலை ஃபோன் வந்தது.

"வீட்டுக்கு எப்போது வருகிறாய்?"

கடைசியில் அந்தச் 'சாமி' இல்லை.

"நாளைக்கே ஊட்டுக்கு வாரேங்க்கா" என்றேன்.

அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மெதுவாச் சொல்லு சாமி. பக்கத்துல யாராச்சும் இருந்தா உன்னையும் பாத்துச் சிரிப்பாங்க."