பஹ்மியாவின் பதினொரு நிமிடம்

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என்னுடையதல்ல. கொழும்பு வெள்ளவத்தையில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் தரவுகளைப் பார்க்கும் பஹ்மியா, பஸ் கொட்டாஞ்சேனை வந்து சேரும்வரை எனக்குச் சொன்னது. எழுதட்டுமா என்று கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். நான் பாட்டுக்கு எழுதத் தொடங்கிவிட்டேன்.

2.
முதல் தொடக்கம்: அன்று கடல் அமைதியாக... (சீ, வேண்டாம். கடலுக்கு இதில் ஒரு வேலையும் இல்லை.)

இரண்டாவது: ஆய்வுக் குழுக்களில் ஆணும் பெண்ணும் எப்படிச் சேர்ந்து வேலை செய்கிறார்கள் என்று அறிய, பஹ்மியாவின் குழுவில் எட்டுப் பேரின் கழுத்தில் ஆறு வாரம் சென்சர் அட்டை தொங்கியது. யார், யாரோடு, எவ்வளவு நேரம் கதைக்கிறார் என்று அது பதிந்துகொள்ளும். எட்டில் பெண் பஹ்மியா ஒருவர்தான்.

3.
அதிகம் கதைத்தவர் குழுத் தலைவர் இரத்தினசிங்கம் என்று வந்தது. (அவருடைய மேசை ரயில் பாதைப் பக்கம். பாணந்துறை ரயிலும் அவர் கணக்கில் ஏறியிருக்கலாம்.) பஹ்மியா கதைத்தது மொத்தமே பதினொரு நிமிடம். அட்டையை அவர் பர்தாவுக்கு உள்ளே போட்டிருந்தார்; துணி மறைத்ததில் அவர் கதைத்தது பெரும்பாலும் பதியவில்லை. வெளியே தெரியவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

அட்டை உள்ளே இருப்பதை இரத்தினசிங்கம் கவனித்தாராம். ஒரு பெண்பிள்ளையின் நெஞ்சைக் காட்டி எப்படிச் சொல்வது என்று கூச்சப்பட்டு விட்டுவிட்டாராம். நல்ல மனுசன். அவருடைய கூச்சம் பஹ்மியாவின் தலையில் விடிந்தது. ஆய்வின் அடுத்த கட்டத்துக்குத் தலைவரை இந்த எண்களை வைத்துத்தான் தெரிவு செய்யப்போகிறார்கள். அறிக்கையைத் தயாரிப்பவரும் பஹ்மியாதான்.

4.
முடிவுகள்:

அ) தன் பதிவை நீக்கிவிடுகிறார். பிறகு குழுவில் பெண்ணே இல்லை, ஆய்வு எதற்கு?

ஆ) உள்ளபடியே அனுப்புகிறார். பெண் ஆய்வாளர்கள் கூட்டங்களில் வாய் திறப்பதில்லை என்று ஊரெல்லாம் மேற்கோள் காட்டும்.

இ) நடந்த பிழையை எழுதி அனுப்புகிறார். பதவிக்காகச் சாட்டுச் சொல்கிறார் என்பார்கள். இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் உண்மை இதுதான்.

ஈ) இரத்தினசிங்கம் எழுந்து நின்று எல்லார் முன்னாலும்... (இல்லை, அவர் எழும்பமாட்டார்.)

5.
நேற்று இதுவரை எழுதியதைப் பஹ்மியாவுக்கு வாசித்துக் காட்டினேன். திங்கட்கிழமை கூட்டத்தில் அறிக்கையை வைக்கவேண்டும். எந்த முடிவு நல்லது என்று கேட்டேன்.

"எல்லா முடிவும் நீங்க சொன்னதுதானே. இதுல நான் ஒரு வசனம் சரி கதைச்சேனா?"

எழுதியதை முதலிலிருந்து திரும்பப் பார்த்தேன். எல்லாம் சொன்னார், போட்டிருந்தார், அனுப்புகிறார். அவர் வாயில் ஒரு சொல்கூட நான் வைக்கவில்லை. வெட்கமாகப் போய்விட்டது.

தன் முடிவை அவர் பிறகு சொன்னார். அதை நான் எழுதப்போவதில்லை. திங்கட்கிழமைக் கூட்டத்தில் உங்களில் யாராவது இருக்கக்கூடும். அவர் கதைக்கத் தொடங்கினால், முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.