குறையே இல்லாத லிஃப்ட்காரர்

அந்த ஊரில் அரசாங்கத்தையும் பணத்தையும் ஒரே வாரத்தில் ஒழித்துக்கட்டினார்கள். இரண்டும் போனபின் எல்லார் கையிலும் மிஞ்சியது மனக்குறை மட்டும்தான். சரி, அதையே செலாவணி ஆக்கிவிடலாம் என்று முடிவானது. உங்களுக்கு ஒருவர் வேலை செய்ய வேண்டுமா? முதலில் அவர் குறையைக் குறுக்கே பேசாமல் கேளுங்கள். அதுதான் கூலி. கூலி வாங்காமல் வேலை செய்வது மட்டும் பெருங்குற்றம். இன்றைக்குச் சும்மா செய்தால் நாளைக்கு அரசாங்கமே திரும்பி வந்துவிடுமாம்!

தையல்காரிக்கு இந்த ஏற்பாடு பிடித்துத்தான் இருந்தது. குழாய்க்காரரின் மாமியார் கதையைக் கேட்டே சமையலறைக் குழாயை மாற்றியவள் அவள். ஆனால் அன்று அவள் கணவன், ஒரு பெரிய பாட்டில் தண்ணீரைக் காலி செய்த கையோடு, லிஃப்டில் இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டான்.

"அடியே, சீக்கிரம் ஏதாவது பண்ணு! முட்டிக்கிட்டு வருது!"

ஊரில் இருந்த ஒரே லிஃப்ட்காரர் வந்தார். பட்டப்பெயர் திருப்தி. புது ஏற்பாடு வந்ததிலிருந்து அவர் ஒரு திருகாணியைக்கூடத் தொட்டதில்லை.

"அண்ணே, உங்க குறையச் சொல்லுங்க."

"எனக்கென்னம்மா குறை?"

"முதுகு வலி?"

"இல்லையே."

"சம்பந்தி?"

"கூடப் பொறந்தவர் மாதிரி!"

சம்பந்தியிலுமா குறையில்லை! தையல்காரி லிஃப்ட்காரர் காலை நச்சென்று மிதித்தாள்.

"பரவால்லம்மா, மரத்துப் போயிருந்துச்சு."

கத்திரியால் அவர் சட்டைப் பொத்தானை வெட்டினாள்.

"நல்லா காத்து வருது."

"ஒரு பொய்யாவது சொல்லுங்கண்ணே, கோடி புண்ணியம்!"

"என்னைக் கள்ள நோட்டு அடிக்கச் சொல்றியா?"

உள்ளே டக் டக் டக் என்று சத்தம்.

"ஏங்க, என்ன பண்றீங்க?"

"பட்டனை அமுக்குறேன்டி! லைட்டு எரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு, இருந்தாலும் அமுக்குறேன்!"

திருப்தியின் சிரிப்பு அணைந்தது.

"எரியுதுல்ல? அப்புறம் எதுக்கு அமுக்கணும்? ஒரு தடவ சொன்னா அதுக்குப் புரியாதா? அது என்ன செவிடா? ஊரே இதத்தான் பண்ணுது! மேல போறவனும் ரெண்டு பட்டனையும் அமுக்குறான், கீழ போறவனும் ரெண்டையும் அமுக்குறான்! குடைக்காம்பால அமுக்குறான், முழங்கையால அமுக்குறான்..."

திருப்தியின் அணை உடைந்துவிட்டது. "போகுதுடி, மானம் போகுது!" என்று உள்ளிருந்து அலறல். பதில் சொல்ல முடியாது. குறுக்கே பேசினால் கூலி செல்லாது. தையல்காரி வாயைப் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். புலம்பலோடு புலம்பலாகத் திருப்தியின் கை தானாகப் பையைத் திறந்தது, ஸ்பேனரை எடுத்தது, கதவைப் பிளந்தது.

கணவன் தவழ்ந்து வெளியே வந்தான், எழுந்தான், கண்ணில் பட்ட முதல் வீட்டுக் கழிப்பறைக்குள் பாய்ந்தான்.

திருப்தி இன்னும் முடிக்கவில்லை. பின்னாலேயே போய்க் கழிப்பறைக் கதவோரம் நின்று, "அப்புறம் கேளுங்க, கதவு மூடுற நேரத்துல கால நீட்டுறவன் இருக்கானே..." என்று தொடர்ந்தார்.

தையல்காரிக்குப் பளிச்சென்று உறைத்தது. லிஃப்ட் வேலை முடிந்தாயிற்று. இனி உள்ளே இருப்பவன் காதில் விழும் குறையெல்லாம் அடுத்த வேலைக்கு முன்பணம்!

அவர் மூச்சு வாங்கிய இடைவெளியில் அவசரமாகக் கூவினாள்: "ஏங்க! நிதானமாவே போங்க, ஒண்ணும் அவசரமில்ல!"