எழுப்பாத தாளம்

என் வேலையைச் சொன்னால் சிரிக்காதவர்கள் குறைவு. ஜால்ரா போட்டுச் சம்பளம் வாங்குவதை வெளியே சொல்லிக்கொள்கிற ஒரே ஆள் நான்தான் என்று என் நாத்தனார் கிண்டலடிப்பாள். இசைக்குழுவில் எல்லாரும் வயலினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, நான் கடைசி வரிசையில் இரண்டு பெரிய வெண்கலத் தட்டுகளோடு சும்மா உட்கார்ந்திருப்பேன். நேரம் வந்ததும் எழுந்து, தோல் வார்களைப் பிடித்து ஓங்கி ஓர் அடி. அரங்கமே அதிரும். அதில் யாரும் என்னைக் குறை சொன்னதில்லை.

வம்பு மெல்லிய அடியால் வந்தது. புதிய இசையின் நடுவே, மற்ற வாத்தியங்கள் எல்லாம் அடங்கிய பிறகு, தட்டுகள் தொட்டும் தொடாமலும் ஒரே ஒரு மூச்சு விடவேண்டும். அவை நேருக்கு நேர் பொருந்திவிட்டால் நடுவில் காற்று சிக்கி, பாத்திரத்தை மூடினதுபோல் 'டப்' என்றுதான் கேட்கும். அதற்குப் பயந்து கொஞ்சம் அழுத்தினால் சத்தம் கூடிவிடும். கையில் குச்சியை ஆட்டி எங்களை நடத்துபவரை நாங்கள் குச்சிக்காரர் என்போம். அவரும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். கச்சேரிக்குள் சரியாக வராவிட்டால் அந்த அடியையே எடுத்துவிடுவேன் என்றார். அந்த இசையில் எனக்கு இருப்பதே அந்த ஒன்றுதான்.

வீட்டில் பழகலாம் என்றால், என் கணவருக்குப் பகல்தான் ராத்திரி. பேக்கரியில் விடியவிடிய அடுப்பு முன்னால் நின்றுவிட்டு வந்து படுப்பார். நான் தயங்கியபோது அவரே ஒரு வழி சொன்னார்.

"நீ பாட்டுக்குப் பழகு. நான் முழிக்கலைன்னா சரியா வந்துருச்சுன்னு வச்சுக்கோ."

என் மரமண்டைக்கு அது பிரமாதமான யோசனையாகப் பட்டது.

அந்தப் பகல்களை நினைத்தால் இன்னமும் மயக்கமாக இருக்கிறது. திரை மூடிய அறையில் மங்கிய மஞ்சள் வெளிச்சம் தேங்கியிருக்கும். அவர் தலைமுடியில் மாவு வாசனை. நான் கட்டிலின் கால்மாட்டில் நின்று, தட்டுகளைச் சற்றே சரித்து ஓரத்தோடு ஓரம் சேர்ப்பேன். ஓசை மெல்ல எழும்பி, சுவர்வரை போய், மேசைமேல் இருக்கும் தண்ணீரைத் தொட்டுவிட்டு அவர் மூச்சில் கலந்துவிடும். எங்கே முடிந்தது என்று எனக்கே தெரியாது. சில நேரம் அவருடைய கனவுக்குள் நின்றுகொண்டு அடிப்பதுபோல் இருக்கும். அவர் புரண்டுகூடப் படுக்கமாட்டார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

ஆனால் ஒத்திகையில் குச்சிக்காரர் மறுபடியும் உதட்டைப் பிதுக்கினார். சத்தம் அதிகமாம். தூங்குகிற மனுஷரே எழவில்லை, உங்கள் காதை மட்டும் எப்படிக் குடைகிறது என்று கேட்டுவிட்டேன். வாய் சும்மா இருக்காதே. எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நாளைதான் கடைசி ஒத்திகை, அதோடு முடிவு என்று சொல்லிவிட்டார்.

உர்ரென்று திரும்புகிற வழியில் கணவர் வேலை பார்க்கும் பேக்கரிக்குள் நுழைந்தேன். அங்கே கல்லாவைப் பார்ப்பது நாத்தனார்தான். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

"அண்ணி, அண்ணன் வீட்ல தூங்குறாரா இல்லையா? நேத்து அடுப்பு முன்னாடி நின்னுக்கிட்டே தூங்கி, கையைச் சுட்டுக்கிட்டார். உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு வேற சத்தியம் வாங்கியிருக்கார்."

வீட்டுக்கு ஓடினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். போர்வையை விலக்கிப் பார்த்தேன். மணிக்கட்டில் கட்டு. பெயர் சொல்லிக் கூப்பிடக்கூட இல்லை, அதற்குள் கண்ணைத் திறந்துவிட்டார். தூங்கி எழுந்த கண் இல்லை அது.

"முழிச்சிருக்கேன்னு தெரிஞ்சா நீ தட்டை எடுத்து வச்சிருவ," என்றார். "ஒண்ணு விடாம கேட்டேன். நாளுக்கு நாள் நல்லாத்தான் வந்துச்சு. அதான் அசையாம கிடந்தேன்."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது, அழுகையும்தான். வாயில் வந்தபடி திட்டினேன். அந்த அடியும் வேண்டாம், கச்சேரியும் வேண்டாம், நிஜமாகத் தூங்குங்கள் என்று சொல்லி அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச நேரம் முரண்டு பிடித்தார். பிறகு வாய் லேசாகத் திறந்து, குறட்டை வந்தது. இத்தனை நாளாக அந்தக் குறட்டை இல்லாமல் போனதைக்கூட நான் கவனிக்கவில்லை. நல்ல பெண்டாட்டிதான்.

வெளிச்சம் தரையில் மெல்ல நகர்ந்தது. எனக்குத்தான் கை சும்மா இருக்கவில்லை. தட்டுகளை எடுத்தேன். எழுப்பிவிடக் கூடாதே என்ற பயம் அன்றைக்குத்தான் உண்மையாக வந்தது. மணிக்கட்டுகள் தாமாகவே இளகின. ஓரம் ஓரத்தைத் தொட்டது. ஓசை எழுந்ததா, அறைதான் மூச்சு விட்டதா என்று புரியவில்லை. நெடுநேரம் அது அங்கேயே மிதந்துகொண்டிருந்தது. குறட்டை கொஞ்சமும் தடைபடவில்லை.

வந்துவிட்டது. குச்சிக்காரர் கேட்டது இதைத்தான், சந்தேகமே இல்லை. சொல்வதற்காக வாயைத் திறந்து கணவர் பக்கம் திரும்பினேன். தப்பாக வந்ததை எல்லாம் கண்விழித்துக் கேட்ட மனுஷர், சரியாக வந்த ஒன்றைக் கேட்காமல் தூங்கிக்கொண்டிருந்தார். நான் எழுப்பவில்லை.