வலமார்பில் இரண்டு பதக்கங்கள்

2025 ஆகஸ்ட் 17. 1971 போரில் பணியாற்றியோர் நினைவாகச் சங்கரன்கோவிலில் நடப்படவிருக்கும் போர்வீரர் கல்லில், கப்பல் கொதிகலனை இயக்கிய கடற்படை ஸ்டோக்கர் அப்துல் ஜப்பாரின் பெயர் இல்லை. இது அநீதி. பெயர்ப்பட்டியலைத் தொகுத்தவன் நான் என்பதால், என் குற்றமும் இதில் உண்டு.

கல்லில் எழுத்துப்பிழை நேரக்கூடாது என்பதற்காகவே விழாக்குழுவினர், ஓய்வுபெற்ற தமிழாசிரியனாகிய என்னிடம் அப்பணியை ஒப்படைத்தனர். 1971 போரில் பணியாற்றியவர் தம் பதக்கங்களை இடமார்பில் அணிவார். மறைந்தவரின் குடும்பத்தார் வலமார்பில் அணிவர். இவ்வழக்கத்தை நான் அறிவேன். ஆகவே சுதந்திர தின மேடையில், வலமார்பில் இரு பதக்கங்களுடன் முன்வரிசையில் அமர்ந்த, என் பட்டியலில் இல்லாத மூக்காண்டியிடம், "அண்ணாச்சி, இது போருக்குப் போனவங்க வரிசை. வாரிசுங்க பின்னால உக்காரணும்" என்றேன். அவர் மேடையைவிட்டு இறங்கிச் சென்றார்.

அவருடைய மனைவி இசக்கித்தாய் என்னை விடவில்லை.

"ஏன் சார்வாள், எழுபத்தேழு வயசு ஆளப் பாத்தா வாரிசு மாதிரியா தெரியுது? ஒம்பது வருசம் கப்பல் அடித்தட்டுல வெந்தவுக. அவுக மெடலு வீட்டுப் பெட்டியில கெடக்கு. படிச்சவுக கேட்டுட்டுல்லா பேசணும்!"

அன்று மாலையே அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். மூக்காண்டி சட்டையிலிருந்து வட்டப் பதக்கத்தைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். அதன் விளிம்பில் பொறித்திருந்த பெயர் ஜப்பாருடையது.

"ரெண்டு பேரும் ஒரே கப்பல்ல ஸ்டோக்கரு. சண்டை நடந்த அன்னைக்கு எனக்குக் காய்ச்சல். பாய்லர் அறைக்கு எறங்க வேண்டிய முறை என்னோடது. 'ஏலே மூக்கா, நீ படு, நான் போறேன்'னு அவன் எறங்குனான். குண்டு விழுந்து நீராவிக் குழாய் வெடிச்சிட்டு. மெடலு வந்தப்ப அவன் உம்மா மைமூனம்மாள் எங்கிட்டக் குடுத்து, 'இனி நீதான்லே மகன், நீ போட்டுக்கோ'ன்னாக. மகன் வலது பக்கந்தான போடணும்?"

"உங்க மெடலையும் சேத்துப் போடலாமே?"

"அவன் பக்கத்துல நான் எப்படிப் போட?"

என்னால் அங்கு உட்காரவும் முடியவில்லை. வீடு திரும்பியும் இருப்புக்கொள்ளவில்லை. மறுநாள் அவரை அழைத்துக்கொண்டு குழுத்தலைவர் ஆறுமுகச்சாமியிடம் சென்றேன்.

"அண்ணாச்சி பேர இப்பவே சேத்துருதோம். ஜப்பாருக்குக் கையெழுத்துப் போட ரத்த சொந்தம் யாரு இருக்கா? செத்தவுக பேரச் சேக்க அது வேணும்னு விதி இருக்குல்லா?"

"அப்ப என் பேரும் வேண்டாம், வே" என்று மூக்காண்டி எழுந்துவிட்டார்.

வியாழக்கிழமை காலையில் கல்தச்சர் எழுத்து வெட்டத் தொடங்குவார். அதன்பின் ஒரு வரியையும் நுழைக்க இயலாது. இரண்டு நாளாக, மைமூனம்மாள் வாழ்ந்து மறைந்த கரிவலம்வந்தநல்லூர்த் தெருக்களில் அலைகிறேன். அவருடைய உறவினர் ஒருவரும் கிடைக்கவில்லை.

இதைப் படிக்கும் நீங்கள் அவருடைய உறவினராயின், புதன்கிழமைக்குள் வந்து கையொப்பமிடுங்கள். உறவினர் அல்லராயினும் வாருங்கள். அப்பதக்கத்தின் விளிம்பைப் படித்துவிட்டு, "இவன் எங்களுக்கு யாருமில்லை" என்று மூக்காண்டியின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டால், நீங்களே கையொப்பமிடுங்கள்.