முகம் எடுக்கக் கூடாத கமரா

"வாப்பா, எனக்கு ஒரு கமரா வேணும்."

கடையில் வைத்துத்தான் கேட்டேன், ஆட்களுக்கு முன்னால். 'படம், கமரா எண்டு வாப்பாட்ட வாய் துறந்திராத' என்று உம்மா ஐந்து வருடமாகச் சொல்லிவருகிறார். என் வாப்பா அப்துல் ஸமட் மின்விசிறி வாங்க வந்தவர். விலை பேசிய வாய் அப்படியே நின்றது.

"என்னத்துக்குகா?"

"படம் எடுக்க. பின்ன, சோறாக்கவா?"

கடைக்கார ஜவுபர் காக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாப்பாவின் பார்வையைக் கண்டு அதை இருமலாக்கிக்கொண்டு, இரண்டு கமராக்களை எடுத்து வைத்தார்.

"பாருங்க மகள். சண்ட முடிஞ்சிட்டு. இப்ப கமராவக் கண்டு ஆரும் றோட்டில மறிச்சிக் கேள்வி கேக்கிறல்ல."

ஒன்று சிவப்பு, மெல்லியது, பன்னிரண்டு மெகாபிக்சல். அதற்கென்றே தனி பெற்றரி. செத்தால் கொழும்பில்தான் தேட வேண்டும். மற்றது சாம்பல் நிறம், தடிப்பு, எட்டு மெகாபிக்சல், விலையும் பாதி. சின்ன டோர்ச்சுக்குப் போடுகிற பெற்றரி இரண்டு போதும். எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். இருட்டு மூலையில் கிடந்த குக்கர் ஒன்றை இரண்டாலும் எடுத்துப் பார்த்தேன். சிவப்பில் கலங்கியது. சாம்பலில் மூடியின் கைப்பிடி வரை தெரிந்தது.

"அதில மெகாபிக்சல் குறைவு மகள்."

"குசினிக்குள்ள தெளிவா விழுந்தாக் காணும் காக்கா."

குசினி என்றதும், அடுப்படியில் நிற்கும் உம்மாவைத்தான் எடுக்கப்போகிறேன் என்று வாப்பாவுக்கு விளங்கிவிட்டது. "பூ, வயல் எண்டு எடுக்கிறதெண்டா நானே வாங்கித்தாறன். பொம்புளயள்ட முகம் எடுக்கப்படா. கெம்பஸ் போய்ப் படிச்சது இதையா?"

எங்கள் வீட்டுப் பெண்கள் ஸ்டூடியோவுக்குப் போவது வாழ்நாளில் ஒரு தரம், அடையாள அட்டைக்காக. தங்கச்சி றிஸ்னாவுக்கு அதுவும் வாய்க்கவில்லை. பள்ளிக்கூடத்தில் படம் கேட்டிருந்தார்கள். அந்தச் சனிக்கிழமை உடுத்திக்கொண்டு வந்து, "தாத்தா, வாங்களன்" என்று அக்காவான என் தோளை உலுக்கினாள். நான் புத்தகத்திலிருந்து தலை தூக்கவில்லை. "திங்கக்கிழம போவம், போ" என்றேன். ஞாயிற்றுக்கிழமை சுனாமி, கடல் ஊருக்குள் வந்தது. முகாம் முகாமாகத் தேடினோம். எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: படம் இருக்கிறதா? நான் சட்டையின் நிறத்தைச் சொன்னேன்.

அவளுக்குப் படம் இல்லாமல் போனதற்கு வாப்பாவின் தடை பாதி, என் திங்கட்கிழமை பாதி.

"வாப்பா, றிஸ்னாக்கு மச்சம் எந்தக் கன்னத்தில?"

"வலக் கன்னத்தில."

"உம்மா இடது எண்டு சொல்றா."

வாப்பா தன் கன்னத்தையே தடவிப் பார்த்தார், வலது, இடது. கை இடதில் நின்றுவிட்டது.

"நீ சொல்லு. உனக்குத் தெரியுந்தானே?"

"தெரியா வாப்பா. எனக்கும் மறந்திட்டு."

குரல் உடைந்தது. உடைந்ததற்காகவே கோபமும் வந்தது. என் சம்பளக் காசை எடுத்து ஜவுபர் காக்காவின் முன்னால் வைத்தேன்.

"நான் வாங்கித்தாறன் எண்டனே, மகள்" என்றார் வாப்பா. குரலில் அதட்டல் இல்லை.

"வேணாம். நீங்க தந்தா உங்கட சட்டமும் சேந்து வரும். உம்மாட முகத்த எடுக்கிறதுக்கு உம்மாட்டக் கேப்பன். உங்களிட்டக் கேக்கமாட்டன்."

ஜவுபர் காக்கா பெட்டியை நீட்டினார். பெட்டி வேண்டாமென்று, பெற்றரிகளை அங்கேயே கமராவுக்குள் போட்டேன். சாம்பல் கமராவை ஒளிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு, வீட்டுப் பக்கம் போகிற பஸ்ஸுக்கு றோட்டைக் கடந்தேன்.